வீட்டில் பேசும் பிள்ளை வெளியில் ஏன் பேசுவதில்லை?



சில ஆண்டுகளுக்கு முன், மண்சரிவு அபாயத்தினால் லயங்களை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு முகாமுக்கு நான் போயிருந்தேன். ஹல்துமுல்லைப் பகுதியில் மழை விடாது பெய்துகொண்டிருந்த காலம் அது. குடும்பங்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள்.

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். பதில் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு டொபியை எடுத்து, "பேரைச் சொன்னால் இது உனக்கு" என்றேன். அவள் டொபியையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. அவளுடைய முகம் மரக்கட்டையைப் போல இறுகிவிட்டது. பின்னால் நின்ற ஒருவர், "அது ஊமைங்க சாமி" என்றார். நானும் பட்டியலில் 'பேச்சுக் குறைபாடு' என்று எழுதிவிட்டேன்.

சற்று நேரத்தில் தாய் ஓடி வந்தார். "ஊமை இல்லைங்க சாமி. வீட்டுக்குள்ள வாய் ஓயாது. வெளியில வந்தா ஒரு வார்த்தை பேசமாட்டா. பள்ளிக்கூடம் போய் ஒரு வருசமாச்சு. டீச்சர் இன்னும் இவ குரலைக் கேட்டதில்ல" என்றார். தாய்மார் தம் பிள்ளைகளை விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்று எண்ணி அதனை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாய் சொன்னதே உண்மை, நான் எழுதியதே பிழை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இப்பிழையை நம்மில் பலர் செய்கிறோம் என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இதற்கு ஒரு பெயர் உண்டு

தனக்குப் பாதுகாப்பான இடத்தில், நெருங்கிய சிலருடன் நன்றாகப் பேசும் பிள்ளை, பாடசாலையிலோ கடையிலோ உறவினர் வீட்டிலோ மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், ஒரு வார்த்தையும் பேசாதிருப்பதை வைத்தியர்கள் 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று அழைக்கிறார்கள். தமிழில் 'தெரிவுசார் பேசாமை' எனலாம்.

இது புதிய நோயன்று. 1877 ஆம் ஆண்டிலேயே அடொல்ப் குஸ்மோல் என்ற ஜெர்மன் வைத்தியர் இதைப் பற்றி எழுதினார். பேசும் ஆற்றல் இருந்தும் இவர்கள் வேண்டுமென்றே பேசாதிருக்கிறார்கள் என்று அவர் கருதினார். 1934 இல் மோரிட்ஸ் டிராமர் என்ற சுவிற்சர்லாந்து வைத்தியர் சூட்டிய பெயரும் பிள்ளை தானே மௌனத்தைத் தேர்ந்துகொள்கிறது என்ற பொருளையே தந்தது. 1994 இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தன் கைந்நூலில் அப்பெயரை மாற்றியது. பிள்ளை வேண்டுமென்று மறுக்கவில்லை, சில இடங்களில் மட்டும் பேச்சு வருவதில்லை என்பதே புதிய பெயரின் கருத்து. 2013 இல் அதே கைந்நூலின் ஐந்தாம் பதிப்பு இதனைப் பதற்ற நோய்களின் வரிசையில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்படுத்தலும் இன்று அவ்வாறே கொள்கிறது.

பிடிவாதம் என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக எண்ணப்பட்டது பயம்தான் என்று கண்டுகொள்ள அறிஞர் உலகத்துக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. ஆகவே, இதுவரை புரியாதிருந்த தாய் தந்தையர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

மறுப்பதில்லை, முடிவதில்லை

கொழுந்து மலையில் காலடியில் பாம்பைக் கண்ட பெண் சத்தமிட நினைத்தும் குரல் வராமல் உறைந்து நின்றதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்பிள்ளைகளுக்கு நேர்வதும் அதைப் போன்றதே. வெளியார் ஒருவர் கேள்வி கேட்டதும் உடல் இறுகி, தொண்டை அடைத்துக்கொள்கிறது. நமக்குப் பாம்பு எப்படியோ, அப்பிள்ளைக்குத் தன் குரலைப் பிறர் கேட்பது அப்படி.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். பிள்ளை பேசாமல் நிற்கிறது. கேட்டவருக்குச் சங்கடம். அம்மாவோ அக்காவோ முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். கேட்டவர் போய்விடுகிறார். பிள்ளைக்கு உடனே நிம்மதி வருகிறது. 'பேசாதிருந்தால் பயம் போய்விடும்' என்று அதன் உடம்பு கற்றுக்கொள்கிறது. நாளுக்கு நாள் இப்பழக்கம் வேரூன்றுகிறது. "இவள் பேசமாட்டாள்" என்று வகுப்புப் பிள்ளைகளும் சொல்லத் தொடங்கினால், பேச விரும்பும் நாளிலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற அச்சம் அவளைத் தடுக்கிறது.

இது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்னரே தொடங்குகிறது. ஆயினும் முன்பள்ளிக்கோ தரம் 1 க்கோ போகும்போதுதான் வெளியே தெரிகிறது. நூறு பிள்ளைகளில் ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. பெண்பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதல். இயல்பாகவே கூச்சமுள்ள பிள்ளைகளிடமும், பயந்த சுபாவமுள்ளோர் இருக்கும் குடும்பங்களிலும் அதிகம் காணலாம். தாயின் வளர்ப்பு சரியில்லை என்பது காரணமன்று.

குடிபெயர்ந்த குடும்பங்களில் இது கூடுதலாகத் தென்படுகிறது. இஸ்ரவேலில் 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், பொதுவாக ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய 8 பேரிடமும், அந்நாட்டில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 22 பேரிடமும் இது காணப்பட்டது. இடம் மாறி வாழும் நாம் இதனை மனதிற் கொள்வது நல்லது.

எல்லா மௌனமும் ஒன்றல்ல

பேசாத பிள்ளையெல்லாம் இந்நோய் உள்ள பிள்ளை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கீழ்வருவனவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, கூச்சம். புதிய பாடசாலையில் முதல் மாதம் பேசாதிருப்பது இயல்பானதே. சில வாரங்களில் அது தானாகக் கரையும்.

இரண்டாவது, புதிய மொழி. தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை சிங்களம் பேசும் பிள்ளைகளிடையே போய்ச் சேர்ந்தால், சில மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். அதுவும் நோயன்று. ஆனால் தமிழ் பேசுவோரிடையிலும் நெடுங்காலம் பேசவில்லையென்றால் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, காது கேளாமை, பேச்சு வளர்ச்சித் தாமதம், ஓட்டிசம் போன்றவை. இவற்றில் பெரும்பாலும் வீட்டிலும் பேச்சில் வித்தியாசம் தெரியும். எப்படியாயினும் காதைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

நான்காவது, அதிர்ச்சியினால் வரும் மௌனம். நேற்றுவரை எல்லோரிடமும் பேசிய பிள்ளை ஒரு கொடிய நிகழ்ச்சிக்குப் பின் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிறது. தாயிடம்கூடப் பேசாதிருக்கலாம். தூக்கத்தில் அலறுவதும், படுக்கையை நனைப்பதும், மழைச் சத்தம் கேட்டால் நடுங்குவதும் சேர்ந்து வரலாம். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் மாயா ஏஞ்சலோ சிறுமியாக இருந்தபோது பெரியவர் ஒருவரின் கொடுமைக்கு ஆளானபின் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தன் அண்ணனைத் தவிர வேறெவருடனும் பேசவில்லை. அயலில் வாழ்ந்த ஒரு பெண்மணி அவருக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டியும், இரவல் கொடுத்தும் மெல்ல மெல்லப் பேச்சுக்குக் கொண்டுவந்தார். ஒரு பிள்ளை திடீரென மௌனமானால், அதனிடம் யாராவது தவறாக நடந்தார்களா என்றும் பெற்றோர் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

இக்கட்டுரை பேசும் பிள்ளை இந்நால்வகையிலும் சேராதது. வீட்டில் பாடும், சண்டை பிடிக்கும், கதை சொல்லும். வாசலைத் தாண்டினால் ஊமையாகும். பொதுவாக இதற்கு அதிர்ச்சி காரணமல்ல. மண்சரிவுக்கு முன்னரே இருந்ததை மண்சரிவினால் வந்தது என்று நாம் தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. பேசாமை எப்போது தொடங்கியது, எங்கெங்கே இல்லை என்ற இரண்டு கேள்விகளைத் தாயிடம் கேட்டால் பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

காம்பரா போனபோது

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. 2005 இலும் 2011 இலும் அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்டுப் போனதால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. சிலருக்குத் தாயும் தந்தையும் இல்லை. எஞ்சிய குடும்பங்கள் பாடசாலைக் கட்டிடங்களிலும், பின்னர் நெடுங்காலம் பழைய தேயிலை ஸ்டோரிலும் தங்கின. 2016 இலேயே மாகல்தெனியவில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயலோடு வந்த மழை பதுளை மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களை வீட்டை விட்டு எழுப்பிவிட்டது.

இவ்வாறான வேளைகளில் அரிசி, பாய், மருந்து, தகரம் என்று கணக்கெடுக்கிறோம். அவை வேண்டும். ஆனால் தன் காம்பராவுக்குள் மட்டும் பேசத் தெரிந்த பிள்ளைக்கு, காம்பரா போனால் பேசும் இடமே போய்விடுகிறது என்பதை நாம் எண்ணுவதில்லை.

நான் சொன்ன சிறுமிக்கு அதுதான் நடந்தது. லயத்தில் இருந்தபோது அவள் உள்ளே தாராளமாகப் பேசுவாள். இஸ்தோப்புக்கு வந்தால் குரல் தாழும். பீலிக்கரையில் முற்றாக நின்றுவிடும். முகாமிலோ ஒரு பெரிய மண்டபம். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில் ஒரு சேலைதான் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். இரண்டு கிழமைக்குள் அவள் தாயின் காதில் கிசுகிசுக்க மட்டும் தொடங்கினாள். பிறகு அதுவும் குறைந்து சாடை காட்டினாள். ஒருநாள் பாடசாலையில் மலசலகூடம் போகவேண்டும் என்று கேட்க முடியாமல் வகுப்பிலேயே உடையை நனைத்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் முதல் பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். "படிக்காத பிள்ளையை ஏன் அனுப்பணும், வீட்டில தம்பியைப் பார்த்துக்கட்டும்" என்று தகப்பன் முடிவு செய்யும் அளவுக்கு வந்துவிட்டது. அவளுடைய கொப்பியைப் பார்த்தபோதோ எழுத்தும் கணக்கும் மிக நன்றாக இருந்தன.

செய்யக் கூடாதவை

"பேசு, பேசு" என்று எல்லோர் முன்னிலையிலும் வற்புறுத்தக் கூடாது. நான் செய்ததைப் போல டொபி காட்டி விலை பேசவும் கூடாது. அடிப்பதும், முழங்காலில் நிறுத்துவதும் பயத்தைக் கூட்டுமே தவிரக் குரலைத் தராது. "ஊமைக் கோட்டான்" என்று பட்டம் சூட்டக் கூடாது. பேசாத பிள்ளையாச்சே என்று விளையாட்டிலிருந்து ஒதுக்கவும் கூடாது. ஒருநாள் தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டால், "ஆ! பேசிட்டாளே!" என்று ஆர்ப்பரித்துக் கைதட்டவும் கூடாது. அந்த ஆரவாரமே அவளை மீண்டும் அடைத்துவிடும்.

அதற்காக, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சும்மா இருந்துவிடுவதும் சரியன்று. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு இலகுவில் மாறும். நாற்றைப் பிடுங்கி வேறு பாத்தியில் நட்டவர்கள் நிழல் கட்டுவார்கள், அளவாகத் தண்ணீர் விடுவார்கள். வளரவில்லையே என்று குருத்தைப் பிடித்து இழுப்பவர் எவருமில்லை. நட்டுவிட்டு மறந்துபோகிறவரும் இல்லை.

படிப்படியாக

இப்பிள்ளைகளுக்குப் பலன் தரும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டியது. பிள்ளை யாருடன் பேசுமோ அவருடன், ஆளில்லாத இடத்தில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு போக வேண்டும்.

அச்சிறுமியின் வகுப்பு ஆசிரியை இதைச் செய்ய முன்வந்தார். தாயைப் பாடசாலைக்கு வரச் சொன்னால் அரைப்பேர் போய்விடும். ஆகவே அம்மாயி வந்தார். பிள்ளை அம்மாயியுடனும் பேசுவாள். பாடசாலை விட்டபின் வெறுமையான வகுப்பறையில் இருவரும் புளியங்கொட்டை வைத்து விளையாடினார்கள். முதல் சில நாட்கள் கதவு சாத்தியிருந்தது. கிசுகிசுத்தவள் மெல்ல வாய்விட்டுப் பேசினாள். பின்னர் கதவு சற்றே திறந்திருந்தது. ஆசிரியை விறாந்தையில் நடந்துபோனார், உள்ளே பார்க்கவில்லை. அடுத்த கிழமை வகுப்பின் ஒரு மூலையில் இருந்து கொப்பி திருத்தினார். அதன்பின் பக்கத்தில் வந்தார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. அம்மாயி "ஒன்று" என்றால் பிள்ளை "இரண்டு" என்று புளியங்கொட்டை எண்ணுவார்கள். ஒருநாள் அம்மாயி "ஒன்று" என்றார், பிள்ளை "இரண்டு" என்றாள், ஆசிரியை "மூன்று" என்றார். சற்று நேரம் அமைதி. பிறகு அம்மாயி "நான்கு" என்றார். அடுத்து "ஐந்து" என்ற சிறு குரல் கேட்டது. அதற்குப் பிறகு அம்மாயி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தார். அடுத்து ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. இடையில் விடுமுறை வந்தபோது பின்னுக்கும் போனது. இன்றும் அவள் அதிகம் பேசுகிறவள் அல்லள். ஆனால் இடாப்புக் கூப்பிடும்போது பதில் சொல்கிறாள், தாகமென்றால் கேட்கிறாள். தகப்பன் அவளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தவில்லை.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய சில உண்டு. பிள்ளையை நேருக்கு நேர் கேள்வி கேட்காமல், அது செய்வதைப் பற்றி நாமே பேசிக்கொண்டிருப்பது நல்லது. "பூ வரைகிறாய், சிவப்பு அழகாக இருக்கிறது" என்றால் போதும். பேசத் தொடங்கும் நிலை வந்தபின், தலையாட்டிப் பதில் சொல்லும் கேள்வியை விட, "சிவப்பா, மஞ்சளா?" என்று ஒரு சொல்லில் பதில் வரும் கேள்வியைக் கேட்கலாம். கேட்டபின் ஐந்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. வராவிட்டால் கோபமின்றி அடுத்த வேலைக்குப் போகலாம். வாசிப்பைக் குரலில் காட்ட முடியாத பிள்ளை எழுத்தில் காட்டட்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் செய்யக்கூடியவை

உங்கள் பிள்ளை இப்படிப்பட்டதென்றால், முகாமிலாவது தற்காலிக வீட்டிலாவது அதற்கென ஒரு பேசும் இடத்தைத் தேடிக்கொடுங்கள். அடுத்தவர் இல்லாத நேரத்தில், மரத்தடியில், மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில், நாளுக்குக் கால் மணித்தியாலம் தாயுடனோ பாட்டியுடனோ வாய்விட்டுப் பேச அது பழகட்டும். முகாம் பொறுப்பாளரிடம் சொன்னால், ஓரமான ஓர் இடத்தை அக்குடும்பத்துக்கு ஒதுக்கலாம்.

புதிய பாடசாலையில் சேர்க்கும்போது, பிள்ளை இல்லாத நேரத்தில் அதிபரையும் வகுப்பாசிரியரையும் கண்டு, "வீட்டில் பேசும், வெளியில் பயத்தினால் பேச்சு வராது, ஊமையல்ல" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலசலகூடத்துக்கும், தண்ணீருக்கும், வயிற்றுவலிக்கும் ஒவ்வொரு சாடையையோ அட்டையையோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நாம் வாழ்வது மலைச்சரிவில். ஆபத்தில் சத்தமிட முடியாத பிள்ளையின் கழுத்தில் ஒரு விசிலைக் கட்டிவிடுங்கள். வீட்டில் விளையாட்டாக ஊதிப் பழக்குங்கள். பெயர், தாய் தந்தையின் பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும்.

பேசாமை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் பழக்கத்தையும் பாதித்தால் உங்கள் மிட்வைப்பிடமோ, பிள்ளைக் காம்பராவின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ சொல்லுங்கள். அவர்கள் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வழிகாட்டுவார்கள். மனநலக் கிளினிக்குக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காதுப் பரிசோதனையும் பேச்சுப் பரிசோதனையும் அப்போதே செய்துகொள்ளலாம். மேற்கூறிய முறையால் மட்டும் பலன் கிடைக்காத சில பிள்ளைகளுக்கு வைத்தியர் மருந்தும் கொடுப்பதுண்டு. மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

அன்பு வாசகர்களே, இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது சத்தமிட்டுக் கேட்பவர்களின் பெயர்தான் முதலில் பட்டியலில் ஏறும். வாய் திறவாத பிள்ளை கடைசியில் நிற்கும், அல்லது அன்று நான் எழுதியதைப் போல அதன் பெயருக்கு எதிரே ஒரு பிழையான சொல் எழுதப்படும். அப்பிழையை நான் பின்னர் என் கையாலேயே வெட்டித் திருத்தினேன். உங்கள் லயத்திலும், உங்கள் முகாமிலும் அப்படியொரு பிள்ளை இருக்கக்கூடும். அதன் தாய் சொல்வதை நம்புங்கள். பேசச் சொல்லி அதனை நெருக்காமல், பயமின்றி இருக்க இடம் கொடுங்கள். குரல் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது.